பால் கேனில் வந்த ரோஜா

1992 மே 4

வடக்குச் சுவர் ஓரத்தில் இன்னும் முழங்கால் அளவு பனி. மற்ற இடமெல்லாம் சேறு. பதினொரு மாடும் கொட்டிலுக்குள்ளேயே நின்று நின்று எரிச்சலில் இருக்கின்றன, என்னைப் போல. என் வீட்டுக்காரர் ஓஸ்மோவுக்கு மறுபடி இடுப்புப் பிடிப்பு, அதனால் காலைக் கறவையும் மாலைக் கறவையும் என் தலையில்.

பனியில் இருந்து ரோஜாப் புதர் வெளியே வந்துவிட்டது. மேல் கிளைகளை முயல் நறுக்கியிருக்கிறது. பரவாயில்லை, ஜன்னல் உயரத்துக்குப் புதர் இருக்கிறது, தாங்கும்.

மத்தியானம் அத்தையின் பழைய ஊர்த்தோழி நஸ்தி போன் செய்தாள். ஜூலையில் சல்மிக்குப் பேருந்து விடுகிறார்களாம். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன் போரில் எல்லை மாறி அடுத்த நாட்டுக்குப் போய்விட்ட அத்தையின் சொந்த ஊர் அது. இப்போதுதான் போய்ப் பார்க்க விடுகிறார்கள். அத்தை போனை வைக்கும் முன்பே முடிவு செய்துவிட்டார்.

"நானும் நீயும் போறோம், சைமி. ரோஜாவுல ஒரு வேர்க்கன்று தோண்டி வை. எங்கிருந்து வந்துச்சோ அங்கயே கொண்டுபோய் நடணும்."

"சரி அத்தை" என்றேன். வேறென்ன சொல்ல?

மே 5

இதை எங்கேயாவது எழுதித் தொலைக்க வேண்டும்.

1944இல் ஊரைக் காலி செய்யச் சொன்னபோது, இடுப்பில் ஓஸ்மோவும் கையில் ஒரு பால் கேனுமாக அத்தை வந்தார். கேனுக்குள் ஈரத்துணியில் சுற்றிய ரோஜா வேர். இந்தக் கதை எங்கள் வீட்டில் ஜெபம் மாதிரி. யார் வந்தாலும் காப்பிக்கு முன் இது.

அந்த ரோஜா 1985இல் செத்துப்போனது. கொன்றது நான். அந்தக் குளிர்காலம் மைனஸ் முப்பத்தெட்டு போகும் என்றார்கள். அத்தை இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில். ரோஜாவுக்கு ஏதாவது ஆனால் என் கதி என்ன என்று பயந்து, புதரைச் சுற்றி வைக்கோலைக் குவித்தேன். குளிர் ஒன்றும் செய்யவில்லை. வைக்கோலுக்குள் வயல் எலிகள் குடித்தனம் வைத்து, ஒவ்வொரு தண்டையும் சுற்றிலும் பட்டை உரித்துத் தின்றுவிட்டன. கீழே வேரைக்கூட விடவில்லை. சும்மா விட்டிருந்தால் அது பாட்டுக்குப் பிழைத்திருக்கும். நாற்பது வருடம் அப்படித்தானே பிழைத்தது!

மூடிப்போன ரயில் நிலையத்தின் முற்றத்தில் அதே போல ஒரு வெள்ளை ரோஜா காடாக நின்றது. மூன்று வேர்க்கன்று தோண்டி, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து அதே குழியில் நட்டேன். குளிரில் மேலே கருகி வேரிலிருந்து துளிர்த்தது என்று அத்தையிடம் சொல்லிவைத்தேன். ஓஸ்மோவுக்குக்கூட உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பூத்தது. அத்தை ஒரு மொட்டைக் கிள்ளிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "மொட்டுல ஒரு சிவப்பு இருக்குமே, அது எங்க? ஒழுங்கா எரு போட்டாத்தானே! உன் கை பட்டு வெளிறிப்போச்சு."

அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. கொன்றவளுக்கு வெளிறவைத்தவள் என்ற பெயர் லாபம்தானே. ஆனால் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அத்தை இதையே சொல்ல, ஐந்து வருடமாகக் கேட்டு நிற்கிறேன்.

மே 23

கடைசியில் ஓஸ்மோவிடம் சொன்னேன். மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

பால் வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

"அப்ப ஸ்டேஷன் ரோஜாவை சல்மியில கொண்டுபோய் நடச் சொல்றீங்களா?"

"அதுக்கு என்ன தெரியப்போகுது?"

அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே.

ஜூன் 3

தூக்கமில்லை. மாடுகளை வெளியே விட்டாச்சு.

ஜூன் 20, நடுக்கோடைத் திருநாள்

ஊரே ஏரிக்கரையில் நெருப்பு மூட்டப் போயிருக்க, நான் மண்வெட்டியோடு. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கட்டளையிட்டார்.

"அந்தக் கன்று வேண்டாம், நோஞ்சான். அது! வேரை அறுத்துடாதடி. உனக்குத்தான் பதமாவே வராதே."

அதே பழைய பால் கேன். ஈரத்துணி. மூடி போடும்போது அத்தையின் கை கேனைத் தடவிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், வாயைக் கட்டிக்கொண்டேன். கோழை நான்.

ஜூலை 4, சல்மி

கறவைக்குப் பதிலாள் வந்திருக்கிறாள், நல்ல பெண். ஆனாலும் வழியெல்லாம் மாடுகள் நினைப்புதான். பத்து மணி நேரப் பேருந்து, குண்டும் குழியுமாகப் பாதை. நஸ்தி வழி நெடுகப் பாடிக்கொண்டே வந்தாள்.

அத்தையின் வீடு இல்லை. தோளுயரத்துக்குக் காஞ்சொறி, அதற்குள் அடித்தளக் கற்கள், இடிந்த அடுப்பு. நஸ்தி தன் வீட்டைத் தேடி ஆற்றுப்பக்கம் போய்விட்டாள்.

கற்களுக்குப் பின்னால் ரோஜா. ஒரு புதர் இல்லை, ஒரு மாட்டுக்கொட்டில் அளவு. யாரும் வெட்டவில்லை, யாரும் மூடவில்லை, எரு போடவில்லை. நாற்பத்தெட்டு வருடம் தன்பாட்டுக்குப் பரவி, பூத்துக் குலுங்கிக்கொண்டு நிற்கிறது. மொட்டெல்லாம் நுனியில் சிவப்பு.

அத்தை அழவில்லை. மொட்டு ஒன்றைப் பறித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தியா? இதுதான் நிறம். உன் கையில போனதுதான் அப்படி வெளிறிப்போச்சு."

எங்கிருந்து வந்ததோ, வாய் திறந்துவிட்டது.

"அது வெளிறல அத்தை. செத்துப்போச்சு. நீங்க ஆஸ்பத்திரியில இருந்த வருஷம். நான் வைக்கோல் போட்டு மூடினேன், எலி தின்னுடுச்சு. இப்ப இருக்கிறது ஸ்டேஷன்ல இருந்து நான் தோண்டிட்டு வந்தது."

அத்தை கேனைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"இதுவும் ஸ்டேஷன் ரோஜாதான்."

கற்களில் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். கொசு மொய்த்தது, விரட்டவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. பிறகு எழுந்து தடியால் தரையைத் தட்டிக் காட்டினார்.

"இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தாச்சு. நடு."

நட்டேன். ஆற்றில் இருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அத்தை பேருந்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்ததும், பெரிய புதரின் ஓரத்தில் ஒரு கன்றை வெறும் கையால் பிடுங்கினேன். கையெல்லாம் முள். தலைத்துணியை நனைத்துச் சுற்றிக் கேனுக்குள் வைத்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. கேன் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 5

வேரோ மண்ணோ கொண்டுவரக் கூடாது என்று போகும்போதே சொல்லியிருந்தார்கள். எல்லையில் சுங்கக்காரர் ஒவ்வொரு இருக்கையாக வந்தார். கேனைக் காட்டி, "இதுல என்ன?" என்றார். நான் கேனை மடியோடு அணைத்துக்கொண்டேன்.

நேற்றில் இருந்து ஒரு வார்த்தை பேசாத அத்தை வாயைத் திறந்தார். "என் மருமகளுக்கு வழியெல்லாம் வாந்தி. அதுக்குத்தான் அது. திறந்து காட்டட்டுமா தம்பி?"

சுங்கக்காரர் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், வீடு வந்து சேரும் வரை திரும்பவில்லை. அப்படியென்றால் நான் பிடுங்கியதைப் பார்த்திருக்கிறார்.

ஜூலை 9

கன்றை நீராவிக் குளியல் குடிலான சவ்னாவுக்குப் பக்கத்தில் நட்டேன். நடும் காலமே இல்லை இது. இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. அத்தை இன்னும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் ஓஸ்மோவிடம் கேட்கிறார், உப்பு என் கைப்பக்கம் இருக்கும்போது.

ஜூலை 30

பேசவில்லை.

ஆகஸ்ட் 16

வைக்கோல் வாரி முடிந்தது. முதுகு விட்டுப்போச்சு. "கஞ்சியில உப்பு தூக்கல்" என்றார் அத்தை, நேராக என்னிடம். ஆறு வாரத்தில் முதல் வார்த்தை. கஞ்சியை வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய் அழுதேன். உப்புக்காக அல்ல.

அக்டோபர் 19

முதல் பனி. சவ்னா பக்கத்துக் கன்றைச் சுற்றிக் கம்பிவலை வைத்தேன். வைக்கோல் போடவில்லை. ஒரு துரும்புகூடப் போடவில்லை. பிழைத்தால் பிழைக்கட்டும். நானும் அப்படித்தானே ஓட்டுகிறேன்.

1993 பிப்ரவரி 2

மைனஸ் முப்பத்தொன்று. தண்ணீர்க்குழாய் உறைந்துவிட்டது. எழுத விரல் வரவில்லை.

மே 21

நான்கு குச்சி. நான்கிலும் துளிர். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 4

நஸ்தியும் போன வருடம் சல்மிப் பேருந்தில் எங்களோடு வந்த இரண்டு கிழவிகளும் வீட்டுக்கு வந்தார்கள். விடிகாலையில் எழுந்து ரை மாவு அப்பம் முப்பது சுட்டேன். உட்காரக்கூட நேரமில்லை.

பெரிய புதர் பூத்து ஜன்னலையே மறைத்துக்கொண்டு நிற்கிறது. நஸ்தி அதைப் பார்த்ததும் அத்தையின் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினாள். "மௌரா! உன் சல்மி ரோஜாவப் பாருடி, எப்படி நிக்குதுன்னு!"

நான் தட்டோடு வாசலில். ஓஸ்மோ என்னைப் பார்த்தார்.

"அது சல்மி இல்ல" என்றார் அத்தை. "அது சைமியோடது. என்னோடது செத்துப்போச்சு. இவ ஸ்டேஷன்ல இருந்து தன்னந்தனியா தோண்டிட்டு வந்து இவ்வளவு பெருசாக்கினா. நான் படுத்துக் கிடந்தப்ப. என்னோடது அங்க இருக்கு, சவ்னா பக்கம். நாலு குச்சி."

"மொட்டு வெளிறிப்போச்சுன்னு நீதானேடி எல்லார்கிட்டயும் சொல்லுவ?"

"வெளிறல. அதோட நிறமே அதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னடி மரம் மாதிரி நிக்கிற? காப்பி எங்க?"

காப்பி ஊற்றிக் கொடுத்தேன். பாதி தட்டில் சிந்தியது. அத்தை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நான் இந்த வீட்டுக்கு வந்த இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக. ஐந்து மணிக்கு மாடு கறக்கப் போனேன்.