அடுக்களை மேடையின் உயரம்

மட்டாஞ்சேரி
19 ஜூன் 1977

அன்பும் மரியாதையும் உள்ள அத்தானுக்கு, சந்தனமாரி எழுதிக்கொண்டது.

எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் குளிர் நாட்டில் உங்களுக்கும் ஒன்றும் வராமல் பகவதி பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கடிதமும் வீட்டின் போட்டோவும் போன வாரம் கிடைத்தன.

கடிதத்தைப் பிரித்ததும் என் பெயர் எங்கே வருகிறது என்று தேடினேன். ஆரம்பத்தில் ஒரு தடவை வந்தது. பிறகு கூரை வந்தது, கூரைக்குக் கீழே மக்கிப்போன உத்திரம் வந்தது, புகைபோக்கிக்குள் கூடு கட்டிய புறா வந்தது, சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும் பூப்போட்ட காகிதம் வந்தது. அதைச் சுரண்டச் சுரண்ட அடியில் இன்னொரு காகிதம் வருகிறது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், உடம்பைப் பார்த்துக்கொள் என்று இருந்தது. அது எனக்குச் சொன்னதா, வீட்டுக்குச் சொன்னதா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

போட்டோவில் வீடு நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக என்றால், கண்ணாடி உடைந்த ஜன்னலும் புல் முளைத்த வாசலுமாக, ஆள் இல்லாமல் கிடந்த வீடு எப்படி இருக்குமோ அப்படி. அந்த ஊரில் யாரும் சீண்டாததால் மலிவாகக் கிடைத்தது என்றீர்கள். ஆனாலும் உங்கள் வீடு. போட்டோவில் நீங்கள் ஒரு ஓரத்திலாவது நின்றிருக்கலாம். சுக்குக் கிடங்கில் என்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் காட்டினேன். அதிலிருந்து என்னைச் சீமைத் துரைசானி என்று கேலி செய்கிறார்கள். அன்றைக்கு நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். சரோஜம்மா மட்டும் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எடீ, நின்றெ புருஷன் எங்கே, வீடு மட்டும்தானே உண்டு என்று கேட்டாள். அவள் வாயில் எப்போதும் நல்ல வார்த்தை வராது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நம் மாடி அறையில் ஓடு நகர்ந்த இடத்தில் போன வருஷம் போலவே ஒழுகுகிறது. வீட்டுக்கார இஸ்மாயில் சேட்டு, கீழ்க் கிடங்கில் இருந்த அரிசி மூட்டைகளை எல்லாம் கீழே வேறு பக்கம் மாற்றிவிட்டார். மாடியில் இருக்கிற என்னை எங்கே மாற்றுவது என்று தெரியாததால், மழை விட்டதும் ஆள் அனுப்புகிறேன் மோளே என்கிறார். ஒழுகுகிற இடத்தில் சோற்றுப் பானையை வைத்துவிட்டு, உங்கள் கூரைக்கு நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணியில் நின்று தார்ப்பாய் கட்டிய கதையை மறுபடி வாசித்தேன். பெரிய தச்சருடைய பெண்டாட்டி நான். எனக்கு ஒரு ஓடு திருப்பி வைக்க ஆள் இல்லை.

வெளிப்படையாகவே எழுதுகிறேன். எனக்கு அந்த வீட்டின்மேல் பொறாமையாக இருக்கிறது. நீங்கள் மில்லில் வேலை முடிந்து வந்து அதைத்தான் தொடுகிறீர்கள். அதற்கு எங்கே வலிக்கிறது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறீர்கள். நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. முதலில், ஒரே அறையில் எட்டு ஆண்கள் இருக்கிறோம், உன்னை எங்கே வைப்பேன் என்றீர்கள். நியாயம். உன்னை அழைக்கத்தான் வீடு வாங்குகிறேன் என்றீர்கள். சந்தோஷப்பட்டேன். இப்போது வீடு முடியட்டும் என்கிறீர்கள். வீடு எப்போது முடியும் என்று நீங்களும் எழுதவில்லை, அதற்கும் சொல்லத் தெரியாது.

என் விசாவுக்கு, மனைவியைத் தங்கவைக்க இடம் இருக்கிறது என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். மற்ற எல்லாத் தாளும் தகரப் பெட்டியில் இருக்கின்றன. கரப்பான் அரிப்பதற்குள் அதை அனுப்பினால் நல்லது.

முன்னறையை இரண்டு நர்சுகளுக்கு வாடகைக்கு விட்டதாக எழுதியிருந்தீர்கள். அதில் அம்மிணி என்ற பெண் கும்பளங்கிக்காரி என்றும், நன்றாகச் சமைப்பாள் என்றும் எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்துப் பெண் என்றால் துணைதான். வயது என்ன என்று எழுதவில்லை.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள்
சந்தனமாரி


மட்டாஞ்சேரி
8 ஜனவரி 1978

அத்தானுக்கு, சந்தனமாரி வணக்கம்.

நீங்கள் கொடுத்தனுப்பிய ஸ்வெட்டர், சோப்பு, மிட்டாய் டின் எல்லாம் வந்து சேர்ந்தன. ஸ்வெட்டரை இந்த ஊரில் எப்போது போடுவது என்று தெரியவில்லை. இருந்தாலும் மடித்து வைத்திருக்கிறேன்.

கொண்டுவந்தது அம்மிணி. விடுமுறைக்கு வந்தவள் கும்பளங்கியிலிருந்து பஸ் பிடித்து, வீட்டுச் செம்மீன் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு, வழி கேட்டு வந்துவிட்டாள். வயது இருபத்தாறு. நல்ல பெண். நான் அவளிடம் ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று மத்தியானம் முழுக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், மாப்பிள்ளை பம்பாயில். அதைக் கேட்ட பிறகுதான் இரண்டாவது சாயா கொடுத்தேன்.

கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே உங்களைப் பற்றிப் பேசினாள். இசக்கிச் சேட்டன் சாயாவுக்குச் சீனி போடுவதில்லை என்றாள். எனக்குத் தெரியாது. இங்கே இருந்தபோது மூன்று கரண்டி போடுவீர்கள். பூச்சு வேலை செய்யும்போது பாடுவார் என்றாள். என் முன்னால் நீங்கள் பாடியதே இல்லை. மாடிப்படியில் மேலிருந்து நாலாவது படி சத்தம் போடும், அதனால் காலை டியூட்டிக்காரர்கள் தூங்கும்போது சேட்டன் அதைத் தாண்டித்தான் கால் வைப்பார் என்றாள். எனக்கு அந்த வீட்டில் எத்தனை படி என்றுகூடத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் தெரிந்தமாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

குழம்பு ருசித்துப்போய்ப் பக்குவம் கேட்டாள், சேட்டன் எப்போதும் இதைத்தான் சொல்லுவார் என்று. சொல்லிக் கொடுத்தேன். இறக்கும்போது வெந்தயத்தை வறுத்துப் பொடித்துத் தூவ வேண்டும் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். நீங்கள் அங்கே சாப்பிட்டுவிட்டு, ஏதோ குறைகிறதே என்று நினைக்க வேண்டும்.

இது வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். இனிமேல் எழுதுவதற்குச் சிரிப்பு வரவில்லை.

அடுக்களையில் புதிதாக மேடை கட்டியதை அம்மிணி சொன்னாள். முன்பு குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்தது சேச்சி, சேட்டன் என்னைச் சுவரோரம் நிறுத்தி, கையை மடக்கச் சொல்லி, பென்சிலால் ஒரு கோடு வரைந்து, அந்த அளவுக்கே பலகை போட்டுத் தந்தார், இப்போது நிமிர்ந்து நின்று மீன் வெட்டுகிறேன் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் கள்ளம் இல்லை. அவளுக்கு அது பலகை. எனக்கு அது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

இங்கே எத்தனை வீட்டு அடுக்களையில் நீங்கள் மேடை போட்டிருக்கிறீர்கள். எல்லா வீட்டிலும் முதலில் அந்த வீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிடுவீர்கள். கை மடக்கி, முழங்கைக்கு நாலு விரல் கீழே கோடு. மாமியாரும் மருமகளும் உள்ள வீட்டில் யாரை நிறுத்துவது என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லிவிட்டு வெளியே வந்து பீடி பிடிப்பீர்கள். அந்தக் கோடு யாருக்கோ அவள்தான் அந்த வீட்டுக்காரி என்று நீங்களே சொல்லுவீர்கள். நம் மாடி அறையில் பெட்டியின்மேல் ஸ்டவ்வை வைத்து நான் குந்தியிருந்து சமைப்பேன். ஒரு பலகை அடித்துக் கொடுங்கள் என்று கேட்டபோது, வாடகை வீட்டுக்கு எதற்கு, நமக்கென்று வீடு வரட்டும், அன்றைக்கு உன்னை நிறுத்திக் கோடு போடுகிறேன் என்றீர்கள். நானும் சரி என்று குந்தியே சமைக்கிறேன், இன்று வரைக்கும்.

திரும்பும்போது படகில் போகிறேன் என்றாள், வழியனுப்பப் போட் ஜெட்டி வரை போனேன். நடக்கும்போது அவள் பக்கத்திலேயே நடந்தேன். என் தலை அவள் தோளுக்குத்தான் வருகிறது. அவள் முழங்கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அங்கே நான் வந்து நின்றால் பலகை என் நெஞ்சுக்கு வரும்.

அவள் சமைக்கிறாள், அவளுக்கு இடுப்பு வலித்தது, நீங்கள் சரிசெய்தீர்கள். தப்பு இல்லை என்று எனக்கே தெரிகிறது. தப்பு இருந்தால் உங்களோடு சண்டை போட்டிருப்பேன். ஒரு தப்பும் இல்லாமல் என் இடத்தில் வேறு ஒருத்தியை நிறுத்திவிட்டீர்களே என்றுதான் தூக்கம் வரவில்லை.

பதில் எழுதுங்கள். கூரையைப் பற்றி வேண்டாம்.

சந்தனமாரி


மட்டாஞ்சேரி
12 மார்ச் 1978

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதில் வந்தது. கூரையைப் பற்றி எழுதவில்லை, அதற்கு நன்றி. ஆனால் இது ஒரு மரப்பலகை, இதற்குப் போய் இவ்வளவா என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். நீ வரும்போது ஏறி நின்றுகொள்ள ஒரு முக்காலி செய்து வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியைச் சரோஜம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்கிறவள், கடிதத்தை வாங்கி மடித்து என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். என் புருஷன் வீட்டில் நான் முக்காலி மேல் ஏறி நின்று உலை வைக்க வேண்டுமா. நீங்கள் அன்பாகத்தான் எழுதினீர்கள். யோசித்து எழுதவில்லை. யோசித்திருந்தால், முக்காலி செய்கிற நேரத்தில் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

வீடு இன்னும் உன்னைக் கூட்டிவரும் நிலையில் இல்லை, பின்பக்கச் சுவரில் ஈரம், கழிப்பறை முற்றத்தில் இருக்கிறது, நீ அழுதுவிடுவாய் என்கிறீர்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று மறந்துவிட்டீர்களா. மழைக்காலத்தில் பானையைச் சுற்றிப் படுக்கிறேன். கீழே அரிசி மூட்டைக்கு எலி, மேலே எனக்கு ஓட்டில் ஓடுகிற மரநாய். தண்ணீருக்குத் தெருக்குழாயில் சண்டை. உங்கள் ஈரச் சுவர் என்னை என்ன செய்துவிடும். எல்லாம் பூசி வண்ணம் அடித்து, திரைச்சீலை மாட்டிய பிறகு வந்தால் நான் அங்கே விருந்தாளி. எந்தப் படி சத்தம் போடும் என்று யாராவது எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும். எனக்கு அந்தக் காகிதத்தைச் சுரண்ட வேண்டும், அத்தான். நீங்கள் ஏணியில் நிற்கும்போது கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். பாடினால் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வருகிற ஆவணியில் எனக்கு முப்பத்துநாலு முடிகிறது. மாடியில் ஒரு சின்ன அறை காலியாகக் கிடக்கிறது, அதை என்ன செய்வது என்று முடிவாகவில்லை என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் இதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை நீல ஏர் லெட்டரில் எழுதவில்லை, அதற்குள் எதுவும் வைக்கக் கூடாது என்று தபால் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதனால் கவரில் வைத்து அனுப்புகிறேன். உள்ளே மடித்து வைத்திருக்கும் நூலைத் தொலைத்துவிடாதீர்கள். நேற்று சரோஜம்மாவைக் கூப்பிட்டு, செருப்பில்லாமல் சுவரோடு நின்று, நீங்கள் செய்வது போலவே கையை மடக்கி, நாலு விரல் கீழே விட்டு, தரை வரைக்கும் அளந்தேன். நூலின் ஒரு நுனி தரை, மறு நுனியில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். அவள் இரண்டு தடவை அளந்தாள். எடீ, நீ இத்ர குள்ளமா என்று கேட்டாள்.

மேடையை இப்போது பிரிக்க வேண்டாம். அம்மிணி பாவம், கல்யாணம் ஆகிப் போகும் வரைக்கும் நிமிர்ந்து நின்று சமைக்கட்டும். குழம்பு இறக்கும்போது வெந்தயம் வறுத்துப் பொடித்துத் தூவச் சொல்லுங்கள், நான் மறந்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

கடவுள் உங்கள் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும். ஏணியில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள். எனக்காக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த அடுக்களைச் சுவரில் நூலைப் பிடித்து முடிச்சு வரும் இடத்தில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் என் பெயரை எழுதி வையுங்கள். வருகிறவர்கள் யார் இது என்று கேட்பார்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

உங்கள் மனைவி
சந்தனமாரி