முட்டை போடும் இயந்திரம்

6 ஜனவரி 2026, செவ்வாய்
செந்தில்குமார் செக்‌ஷன் ஆபீசர் ஆகிவிட்டான். எனக்கு ஆறு வருஷம் ஜூனியர். லட்டு நீட்டினான், இரண்டு எடுத்துக்கொண்டேன். துக்கத்தில் எனக்குப் பசிக்கும். வாயாவது லட்டோடு நின்றதா? "புது குவார்ட்டர்ஸ் வாசலுக்குப் பெயர்ப்பலகை என் பொறுப்பு. தமிழ்லயே. என் மெஷின் செதுக்கும்." செக்‌ஷனே கேட்டது. 23ஆம் தேதி பால் காய்ச்சுகிறான்.

மெஷின் என்பது டெல்லி ஆர்.கே.புரத்தில் என் வீட்டுப் பால்கனியில் ஆறு மாசமாக நான் கட்டிவரும் சிஎன்சி. கம்ப்யூட்டரில் படம் கொடுத்தால், மூன்று மோட்டார்கள் சுழலும் கத்தியை நகர்த்தி மரத்தில் செதுக்க வேண்டும். இதுவரை செதுக்கியது என் மனைவி ராஜியின் பொறுமையை.

7, புதன்
அவனுக்கு ஏன் செய்கிறேன்? அன்பு என்று எழுதினால் இந்த நோட்டே சிரிக்கும்.

11, ஞாயிறு
முதல் 'செ'. வட்டம் வரவேண்டிய இடமெல்லாம் நீள்வட்டம். ராஜி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, பேர் எழுதும்னேளே? இது முட்டைன்னா போடறது. நம்மாத்துக்கு ஆகாது."

திருகுத்தண்டில் ஓடும் நட்டு லூஸ். நேராகப் போகும்போது சமர்த்து. திசை மாற்றினால் அரை மில்லிமீட்டர் சும்மா ஆடிவிட்டுத்தான் கிளம்புகிறது. சர்க்கார் உத்தியோகஸ்தன் கட்டியது, வேறெப்படி இருக்கும்?

15, பொங்கல்
சர்க்கரைப் பொங்கலில் மரத்தூள். ராஜி பால்கனிக் கதவை அறைந்து சாத்தினாள்.

17, சனி
லாஜ்பத் ராய் மார்க்கெட். கடைக்காரர் சொன்ன வைத்தியம்: ஒரு தண்டில் இரண்டு நட்டு, நடுவில் சின்ன ஸ்பிரிங், இரண்டையும் தள்ளிப் பிடித்தால் ஆட்டம் நிற்கும். நட்டு கொடுத்தார். அந்த அளவு ஸ்பிரிங் இல்லையாம். அச்சா.

19, திங்கள்
"அண்ணே, சிரமமா இருந்தா கடையிலயே வாங்கிக்கறேன்" என்றான் செந்தில். மேலதிகாரியான பிறகும் அண்ணே. மனசாரத் திட்டக்கூட விடமாட்டான் போல. "வாங்கிடாதே" என்றேன். உட்காரப் பிடிக்கவில்லை. மூன்று தரம் டீக்குப் போனேன்.

21, புதன்
என் டிராயரில் நாலு வருஷமாக ஒரு பச்சை மைப் பேனா. செக்‌ஷன் ஆபீசர் ஆனால் கெஸடட் அந்தஸ்து, பச்சையில் கையெழுத்துப் போடலாமே, அந்த முதல் கையெழுத்துக்கென்று வாங்கியது. ராஜிக்குத் தெரியாது. (தெரியும். அவளுக்கு எது தெரியாது?) இன்று எடுத்து வைத்துக்கொண்டு டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். எரிச்சல்.

டிக் டிக் — உள்ளே ஸ்பிரிங்.

இல்லை. அதை மட்டும் மாட்டேன்.

22, வியாழன்
வட்டம் வட்டமாக வந்தது.

23, வெள்ளி
பலகையை மாட்டினோம். செந்தில் 'செ'வை விரலால் தடவினான். "எப்படிண்ணே இவ்வளவு சுத்தமா?"

"ஸ்பிரிங் போட்டேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வந்தால் ராஜி மளிகைச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் எறிந்த ரீஃபிலை வெறும் விரலில் பிடித்துக்கொண்டு. துவரம்பருப்பு, புளி, கட்டிப் பெருங்காயம், எல்லாம் பச்சையில்.

"என்ன பார்க்கறேள்? கடைக்குக் கிளம்புங்கோ."

சீட்டை வாங்கி முழுக்கப் படித்தேன். ரீஃபிலையும் வாங்கினேன். அடியில், தேதியோடு, கையெழுத்துப் போட்டேன்.