நாலே மாதம் இளையவன்

அன்புள்ள அம்மாவுக்கு உன் மூத்தவன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை மிச்சம் பிடிக்காமல் தேய்.

தம்பியை இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள வழி கேட்டு, விசா மனுக்கள் போட்டுத் தருகிற நம்மூர் வக்கீலம்மாவைப் பார்த்தேன். எங்கள் சலவைக்கூடத்து மேஸ்திரியிடம் அரைநாள் லீவு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற கதை, அது கிடக்கட்டும். எங்கள் பள்ளிச் சான்றிதழ் இரண்டையும் பார்த்துவிட்டு அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, நீ பொறந்து நாலே மாசத்துல தம்பியும் பொறந்துட்டானா? உங்கம்மா என்ன மந்திரம் போட்டாங்க?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று அவன் என் டவுசரைப் பிடித்துக்கொண்டு அழுதானே, வாத்தியார் "ரெண்டும் ஒண்ணாவே உக்காரட்டும்" என்று அவனுக்கு இரண்டு வயதைக் கூட்டி எழுதினாரே, அதைச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

"ஆபீஸ்காரங்க சிரிக்க மாட்டாங்கப்பா. நெசமான தேதி போட்ட பிறப்புச் சான்றிதழ் வேணும். இல்லேன்னா கூடப்பிறந்தவன்னே நம்ப மாட்டாங்க."

பிரசவம் பார்த்த நர்ஸம்மாவின் பதிவேட்டில் தேதி இருக்கும். அதைக் காட்டிச் சான்றிதழ் வாங்கி இந்த மாதமே அனுப்பு. மனுப் போட்டாலும் நம் முறை வர எட்டு வருடம் ஆகுமாம். அவனிடம் மெதுவாகச் சொல். அவன் போட்டோ இரண்டு அனுப்பு. ஒன்று மனுவுக்கு, ஒன்று சும்மா.

என் அறையில் கூட இருந்தவர் ஊருக்குப் போய்விட்டார். காலிக் கட்டிலை எடுத்துப்போக வீட்டுக்காரர் வந்தார். தம்பி வரப்போகிறான், கிடக்கட்டும் என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன் மகன்