உப்புத் தண்ணீரில் வெங்காயத்தோல்

1937 மாசி 9, செவ்வாய்

புது வாத்தியார் துரைராசா இன்று பிள்ளைகளுக்கு மைக்கிராஸ்கோப்பில் வெங்காயத்தோல் காட்டினான். கடும் உப்புத் தண்ணீர் விட்டதும் தோலின் ஒவ்வொரு உயிர்க்கலத்திலிருந்தும் தண்ணீர் வெளியேற, உள்ளே இருந்த சிவப்பு சுருங்கி நடுவில் ஒதுங்கியது. நல்ல தண்ணீர் விட்டால் பழையபடி விரியுமாம். இத்தனை வருடமாக நான் கரும்பலகையில் கீறியதை ஒரு பிள்ளையும் இப்படி வாய் பிளந்து பார்த்ததில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அவன் நல்ல தண்ணீர் விடுமுன் பிரின்சிப்பலைக் கூட்டிவந்து, புதுக் கருவிக்கு ஒரு ஜெபம் சொல்லும்படி கேட்டேன். அவர் தொடங்கினால் இலேசில் முடிக்கமாட்டார் என்பது தெரிந்துதான் கேட்டேன். ஆமென் சொல்லி முடித்தபிறகு நல்ல தண்ணீர் விட்டும் ஒரு கலமும் விரியவில்லை.

துரைராசா முகம் கோணவில்லை. "கன நேரம் உப்புக்குள்ளை கிடந்தால் செத்துப்போம். செத்தது திரும்ப விரியாது. அதையும் இண்டைக்குப் பாத்திட்டியள்," என்று பிள்ளைகளிடம் சொன்னான். பிரின்சிப்பல் அவன் முதுகில் தட்டினார்.

மணி அடித்தபின் என்னிடம் வந்தான். "நாளைக்குத் திரும்பச் செய்யப்போறன், அண்ணை. ஜெபத்தை நீங்களே சொல்லுங்கோ. சுருக்கமாச் சொன்னால் காணும்."

"ஓம், சொல்லுறன்," என்றேன். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அது என்ன சிரிப்பு என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.