ஆள் கையில் வந்த பவர் சப்ளை

காரைக்கால்
11-2-1987

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மெஹர் பானு எழுதுவது. நானும் உம்மாவும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

நீங்கள் கொடுத்தனுப்பிய கம்ப்யூட்டர் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. சேதமானது நம் வீட்டில் வைத்துத்தான். நீங்கள் எழுதியிருந்தபடியே பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். உள்ளே டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் புகை, கருகல் நாற்றம். வீடு முழுக்கக் கரண்டு போய்விட்டது. ஷைத்தான் பெட்டி என்று சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போன உம்மா, மக்ரிபு தொழுகைக்குத்தான் உள்ளே வந்தார்கள்.

உங்கள் கம்பெனியில் எட்டு வருஷம் ஓடிக் கழித்துப் போட்ட மிஷின், நம் வீட்டில் ஒரு நிமிஷம் ஓடவில்லை. ரேடியோ ரிப்பேர் தங்கப்பன் வந்து பார்த்தார். இந்த மாதிரி மிஷினை அவர் தொட்டதே இல்லையாம். உங்களிடம் எழுதிக் கேட்டுப் பிரித்துப் பார்க்கலாம், மீட்டர் தருகிறேன் என்றார்.

நம் பிள்ளை ஜுனைதா போன பிறகு பகலைத் தள்ள எனக்கு ஒன்று வேண்டும் என்றுதானே இதை அனுப்பினீர்கள். இப்போது இதையும் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
மெஹர் பானு


தம்மாம்
27-2-1987

அன்புள்ள மெஹருக்கு, வஅலைக்கும் ஸலாம்.

பயப்படாதே. போனது பவர் சப்ளையாகத்தான் இருக்கும். வீட்டுக் கரண்டை வாங்கிச் சின்னக் கரண்டாக்கிக் கொடுக்கிற தகரப் பெட்டி அது. மிஷினின் பின்பக்கம் நாலு ஸ்குரூவில் நிற்கும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் சும்மா விட்டுவிடு. உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், பிளக்கை எடுத்த பிறகும் அடிக்கும். உன் விரல் அதில் படக் கூடாது. பிறகு கண்ணாடி ஃபியூஸைப் பார். உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தால் லேசான கோளாறு. கண்ணாடி கறுத்திருந்தால் ஷார்ட். போர்டுக்குப் போகும் ஒயர்களைக் கழற்றி, அதற்குப் பதில் ஒரு கார் பல்பை மாட்டு. தூக்க ஏதாவது பாரம் இல்லாவிட்டால் சில சப்ளை கிளம்பவே கிளம்பாது. புது ஃபியூஸ் போட்டு மீட்டரை வை. சிவப்பு ஒயரில் ஐந்து வோல்ட், மஞ்சளில் பன்னிரண்டு காட்ட வேண்டும். தங்கப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். நீ கல்லூரியில் பௌதிகம் படித்தவள், உனக்கு வரும்.

இங்கே மணல் காற்று ஓயவில்லை. மற்றபடி சுகம்.

அன்பு மறவாத
கபீர்


காரைக்கால்
20-3-1987

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதம் முழுக்கக் கண்டென்சர். கடைசியில் கொஞ்சம் மணல் காற்று. ஜுனைதா பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. இருக்கட்டும்.

சொன்னபடியெல்லாம் செய்தேன். ஃபியூஸ் கண்ணாடி உள்ளே கறுப்பாகிவிட்டிருக்கிறது. இரண்டு பெரிய கண்டென்சரில் ஒன்று தலை வீங்கி வெடித்து, பஞ்சு போல ஏதோ வெளியே தள்ளியிருக்கிறது. புது ஃபியூஸ் போட்டோம், அதுவும் அந்த நொடியே போனது. சிவப்பிலும் ஒன்றுமில்லை, மஞ்சளிலும் ஒன்றுமில்லை. பிறகு தங்கப்பன் தன் கடையில் இருக்கும் சப்ளையிலிருந்து ஐந்தும் பன்னிரண்டும் எடுத்து நேராக போர்டுக்குக் கொடுத்தார். திரையில் பச்சையாக எழுத்து வந்தது. மிஷினுக்கு உயிர் இருக்கிறது மச்சான். அந்தத் தகரப் பெட்டிதான் போய்விட்டது.

ஏன் போனது என்பதும் தெரிந்துவிட்டது. அதன் முதுகில் நகத்தால் தள்ளுகிற சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் 115 வோல்ட், இந்தப் பக்கம் 230. அது 115-ல் நிற்கிறது. நான் தொடவில்லை, உம்மா அந்தப் பக்கமே வரவில்லை. நீங்கள் வைத்தது வைத்தபடி வந்திருக்கிறது.

நம் வீட்டுக் கரண்டு 230 என்பதுகூட உங்களுக்கு மறந்துபோய்விட்டதா? தங்கப்பன் எதிரில் சிரித்துச் சமாளித்தேன். அவர் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மெஹர் பானு


தம்மாம்
8-4-1987

அன்புள்ள மெஹருக்கு,

தப்பு என்னுடையதுதான். இங்கே வீட்டுக்கு வீடு நூற்றிருபத்தேழு வோல்ட். ஏழு வருஷமாகக் கை அந்தப் பக்கமே தள்ளிப் பழகிவிட்டது. பேக் பண்ணும் முன் கடைசியாக ஓட்டிப் பார்த்தேன், மாற்றி வைக்க மறந்துவிட்டேன்.

வெடித்ததைச் சரிசெய்ய வேண்டாம், கூடவே இன்னும் என்னென்ன போயிருக்குமோ. முழுசாக மாற்றிவிடுவோம். எங்கள் ஸ்டோரில் அதே மாதிரி ஒன்று இருக்கும், கேட்டு வாங்குகிறேன். ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். நோன்பு வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள். உம்மாவுக்கு ஸலாம் சொல்.

கபீர்


காரைக்கால்
2-5-1987

அன்புள்ள மச்சானுக்கு,

பவர் சப்ளையை ஆள் கையில் கொடுத்துவிட வேண்டாம். நீங்களே கொண்டு வாருங்கள்.

ஜுனைதா பிறந்தபோது கவுனும் பால்பவுடரும் ஆள் கையில் வந்தன. அவள் நடக்கத் தொடங்கியபோது சத்தம் போடுகிற செருப்பு வந்தது. காய்ச்சலில் போன பிறகு இந்தக் கம்ப்யூட்டர் வந்தது. அவள் வாப்பா மட்டும் வரவில்லை. இரண்டு வயது வரை இந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளையை நீங்கள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறீர்கள்.

பெண்கள் நம் ஊரில் கபுருஸ்தானுக்குள் போவதில்லை. எனக்கு வாப்பா இல்லை, கூடப்பிறந்த ஆண் இல்லை. உங்கள் வீட்டிலும் மாமி மட்டும்தான். அடக்கத்தன்று தெருக்காரர்கள் போனதோடு சரி, பிறகு அவளுக்கு ஒரு ஸலாம் சொல்ல யாரும் போகவில்லை. ஐப்பசி மழையில் மண் இறங்கி, அவள் தலைமாட்டு மீசான் கல் சாய்ந்துவிட்டதாகப் பள்ளிவாசல் மோதினார் வந்து சொன்னார். தானே நிமிர்த்தி வைக்கவா என்று கேட்டார். வேண்டாம், அவள் வாப்பா வந்து செய்வார்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லி மாசக்கணக்காகிறது. அவரைத் தெருவில் பார்த்தால் நான் உள்ளே போய்விடுகிறேன்.

மிஷின் ஓடாவிட்டால் போகட்டும். நீங்கள் வந்து அவள் தலைமாட்டில் நின்று ஒரு ஃபாத்திஹா ஓதினால் போதும். தனியாக இதைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. வருவீர்களா மாட்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

மெஹர் பானு


தம்மாம்
19-5-1987

என் மெஹருக்கு,

உன் கடிதத்தை வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கினேன்.

வருகிறேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே வந்துவிடுவேன், இங்கே கூட வேலை செய்யும் நம் ஊர் ஹமீதும் அதே விமானத்தில்தான் வருகிறான். பவர் சப்ளை கிடைத்துவிட்டது. இந்தத் தடவை 230-ல் வைத்து, டிரான்ஸ்பார்மர் போட்டு அவ்வளவு கரண்டு ஏற்றிக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன், சுத்தமாக ஓடுகிறது. கல்லை நானே நிமிர்த்துகிறேன். மோதினாரிடம் சொல்லிவை.

அன்பு மறவாத
கபீர்


தஹ்ரான் விமான நிலையம்
1-8-1987

மெஹர்,

ஹமீது எதிரில் நிற்கிறான். அவன் உள்ளே போக நேரமாகிவிட்டது, அவசரமாக எழுதுகிறேன். நானும் அவனோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது விலகி வந்துவிட்டேன்.

இங்கே இருக்கும்வரை நம் பிள்ளை வீட்டில் உன்னோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ள முடிகிறது. வாசலில் வந்து நின்றால் அதுவும் போய்விடும். என்னால் முடியவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

பெட்டியை ஹமீதிடம் கொடுத்திருக்கிறேன். மாட்டும்போது சிவப்பு ஒயர் வலப்பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் போர்டு போய்விடும்.

கபீர்


காரைக்கால்
14-8-1987

கபீர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளுக்கு முந்தின அரஃபா நாளன்று ஹமீது நானா வந்தார். உங்கள் வெள்ளைச் சட்டையைத் தோய்த்துத் தேய்த்து வைத்திருந்தேன். உம்மா உங்களுக்கென்று வஞ்சிரம் பொரித்து மூடியிருந்தார்கள். நானா பெட்டியைப் படியில் வைத்துவிட்டுக் குனிந்தபடி நின்றார். நான் அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தேன்.

"மச்சான் பின்னாடி வர்றாங்களா நானா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பெட்டி மட்டுந்தான்," என்றார்.

பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் அவரவர் சொந்தங்களுக்கு ஸலாம் சொல்லக் கபுருஸ்தான் போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து போக ஆளில்லை. அன்று மாலை மோதினாரைக் கூப்பிட்டுக் கல்லை நிமிர்த்தச் சொன்னேன். அவர் உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நானே போனேன். வாசலில் நின்றிருந்த இரண்டு பேர் பார்த்தார்கள், தடுக்கவில்லை. உள்ளே போய் என் பிள்ளைக்கு ஸலாம் சொன்னேன், ஓதினேன். அவள் கபுர் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நேற்று பவர் சப்ளையை மாட்டினேன். சிவப்பு ஒயரை வலப்பக்கம்தான் வைத்தேன். மீட்டர் ஐந்தும் பன்னிரண்டும் காட்டியது. திரை வந்தது, மிஷின் நன்றாக ஓடுகிறது. தங்கப்பன் கை தட்டினார். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது எனக்குக் கொடுத்த வீடு, நீங்கள் மாப்பிள்ளையாக வந்து இருந்த வீடு. அலமாரியில் இருந்த உங்கள் சட்டை, கைலி, சவரச் சாமான் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, இன்று காலை நானும் உம்மாவும் ரிக்‌ஷாவில் கொண்டுபோய் உங்கள் உம்மா வீட்டில் இறக்கினோம். மாமி மூட்டையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். என் மேல் தப்பு என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நம் நிக்காஹை முறிக்க ஜமாஅத்திலிருந்து உங்கள் சம்மதம் கேட்டு எழுதுவார்கள். தாமதிக்காமல் பதில் போடுங்கள். உங்கள் மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நிறைய இருக்கிறது. உங்களுக்கும் அது பிள்ளைதான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இனிமேல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

மெஹர் பானு