கரி பூடுமா?

ஆடி 14, செவ்வாய். ராயபுரம்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, எங்கள் சோப்புக் கம்பெனி நோட்டீசுக்கு ‘மாசகற்றும் மாண்புடைச் சவுக்காரம்’ என்று எழுதினேன். இன்று மாலை துறைமுக வாசலில் நானே கால் கடுக்க நின்று கொடுத்தேன். கப்பலுக்குக் கரி சுமக்கும் ஒருத்தி படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன்.

“மாசத்துக்கு ஒரு தபா குளிக்கிறவங்களுக்கா நைனா?”

“இல்லேம்மா, அழுக்கைப் போக்கும்னு அர்த்தம்.”

“அத்த அப்டியே சொல்றதுக்கு இன்னா?” உள்ளங்கையை நீட்டினாள். “இந்தக் கரி பூடுமா, போவாதா?”

“போகும்” என்றேன்.

“அப்போ நாளிக்கு ஒண்ணு வாங்கிக்கிறேன்” என்று நடந்தாள்.

அந்தச் சோப்பை நான் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, விரலில் ஒட்டிய நோட்டீஸ் மையை அதைப் போட்டு மூன்று முறை தேய்த்தேன்.

எழுதுகிற இந்தப் பக்கத்திலும் விரல் மை ஒட்டுகிறது.