கருடன் வந்த கும்பாபிஷேகம்

அன்புள்ள சத்தியப்பிரியாவுக்கு,

பாண்டிமுருகன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மஸ்கட் வெயிலில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கும் உன் உடம்பை அய்யனார் காக்கட்டும். நீ கூப்பிட்டும் போனை எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. நாச்சியாபுரத்திலிருந்து உன் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பாட்டில் குறையில்லை. முழங்கால் வலியோடு அம்மா பந்தியில் நின்று பரிமாறினாள். சொன்னால் கேட்கவா போகிறாள்.

இனி நம் செம்பருந்து விஷயம். கண்மாயில் மீன்வலையில் சிக்கி இறக்கை ஒடிந்து கிடந்ததை, லீவில் வந்த நீ வனத்துறையிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்து தேற்றினாய். கூண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வாய் பிளக்காமல் பறந்தால்தான் வெளியே விட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாய். அது பாதியிலேயே அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும்.

கலசத்துக்குத் தீர்த்தம் ஊற்றும்போது கருடன் வட்டமிட வேண்டுமே என்று ஊருக்குக் கவலை. கண்மாய் வற்றியபின் ஒரு பருந்துகூட இந்தப் பக்கம் வருவதில்லை. செம்பருந்துதானே கருடன், அதைப் பறக்கவிடு என்று ஊர் சார்பில் மெய்யநாதன் மாமா நம் வீட்டுக்கே வந்துவிட்டார். இன்னும் தேறவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு சுத்துச் சுத்துனாப் போதும் மாப்ளே. அப்புறம் அது எங்குட்டுப் போனா நமக்கென்ன?" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கருடன் வராவிட்டால் பழி நம் வீட்டின் மேல்தான் விழும் என்று அம்மாவும் அழுதாள். நான் கோழை, சத்யா. அதைக் கூடையில் தூக்கிக்கொண்டு கோபுரச் சாரத்தில் ஏறித் திறந்துவிட்டேன்.

ஒரு சுற்றுச் சுற்றியது. ஊரே தலைக்குமேல் கை கூப்பியது. அப்புறம் அது ஊருணிப் பக்கம் சரிந்ததை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தீர்த்தத்துக்குத் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி ஓடுவதற்குள் பிடித்து நிறுத்திப் பரிவட்டம் கட்டினார்கள். மாலை, விபூதி, போட்டோ எல்லாம் முடியும்வரை நின்றேன். நம் வகையறாவில் யாருக்கும் கிடைக்காத மரியாதையாம்.

பிறகு போய்த் தேடினேன். கருவேலங்காட்டுக்குள் கிடந்தது. அதே இறக்கை, இந்தமுறை எலும்பு வெளியே வந்துவிட்டது. காரைக்குடி மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். இனிப் பறக்காது, புண் அழுகுகிறது, இறக்கையை வெட்டினாலும் பிழைப்பது சந்தேகம் என்கிறார். கறியைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. நான் கிட்டப் போனால் சுவரோடு ஒண்டிக்கொள்கிறது.

ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். வனத்துறையிலும் ஒப்புக்கொண்டார்கள். நாளைக் காலையில் டாக்டர் வருவார். உன்னைக் கேட்காமல் ஒருமுறை செய்துவிட்டேன். இன்னொரு முறை என்னால் முடியாது. என்னைத் திட்டுவதென்றால் ஆயுசுக்கும் திட்டிக்கொள். இப்போது அந்தப் பறவைக்காகச் சரி என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பு, தாயே.

இப்படிக்கு,
பாண்டிமுருகன்